பேசும்போது மட்டும் கேட்ட சத்தம்

பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு நான் பாட வீடியோக்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் ஒருவர் பத்தாம் வகுப்புப் பாடங்களை வீடியோவாக்கி இணையத்தில் போட்டுவந்தார். படம் வரைவதும் அசைப்பதும் அவருடைய ஆட்கள். அறிவியல் பாடத்தை எழுதிப் பேசிப் பதிவு செய்து, இரைச்சலை நீக்கி, படத்தோடு பொருத்தி அனுப்புவது நான். இதெல்லாம் காரைக்காலில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நடந்தது.

அங்கே இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடும் அளவு இடம். சுற்றிலும் பழைய ஜமுக்காளங்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு கொஞ்சம் அடங்கும். அப்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய் உட்காருவேன். வியர்த்துக் கொட்டும். அப்படியும் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போகும் கூட்ஸ் வண்டி ஊதும், எதிர்வீட்டு மோட்டார் ஓடும், மீன் விற்பவர் வண்டியில் கட்டிய ஸ்பீக்கர் மத்தி, சங்கரா என்று கூவிக்கொண்டு போகும். எந்தச் சத்தம் எப்போது வரும் என்பது எனக்கு அத்துபடி.

ஆரம்பத்தில் இரைச்சலை நீக்க ஒரு முறை வைத்திருந்தேன். பேசத் தொடங்கும் முன் சில விநாடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்தில் அறையின் சத்தம் மட்டும் பதிவாகும். அதைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டினால், பதிவு முழுவதிலிருந்தும் அதை மட்டும் கழித்துக் கொடுக்கும். அளவுக்கு மீறிக் கழித்தால் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் சுத்தம் செய்யும் இணையதளம் ஒன்று வந்தது. பதிவை ஏற்றிவிட்டால் போதும், ஸ்டூடியோவில் பேசியதுபோல் திரும்பி வரும். நான் அதற்கு மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏற்றுவதற்கு முன் பதிவைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம்கூட விட்டுப்போயிருந்தது. திரும்பி வந்ததைத்தான் கேட்பேன். அதில் என் குரல் பளிங்குபோல் இருக்கும்.

அந்த வருடம் கார்த்திகை மழையில் எங்கள் தெருவுக்கு வரும் கேபிள் அறுந்துவிட்டது. தண்ணீர் வடிந்தால்தான் வேலை செய்ய முடியும் என்று கேபிள்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கைபேசி சிக்னலில் பெரிய பதிவுகள் ஏறவில்லை. கும்பகோணத்துக்காரர் போன் மேல் போன் போட்டார்.

"மேடம், ஒளியியல் பாடம் என்னாச்சு? பசங்க கேட்டுகிட்டே இருக்காங்க."

"நெட் இல்லைங்க. பழைய மாதிரி நானே க்ளீன் பண்ணிடறேன். வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து அனுப்பச் சொல்றேன்."

அன்று மதியமே பதிவு செய்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால், குரலுக்கு அடியில் ஏதோ உரசிக்கொண்டிருந்தது. உப்புத்தாளைப் பலகையில் மெதுவாக இழுப்பதுபோல் ஒரு கரகரப்பு. முதலில் மழை என்றுதான் நினைத்தேன். மழை விட்ட பிறகு மறுபடி பேசினேன். இருந்தது. மைக் வயரை மாற்றினேன். இன்வெர்ட்டரை நிறுத்தினேன். மைக்கை வாயிலிருந்து தள்ளிவைத்தேன். கடைசியில் மைக்கே வேண்டாம் என்று கைபேசியில் பதிவு செய்தேன். அதிலும் அதே கரகரப்பு.

பிறகுதான் இரைச்சலைத் தனியாகப் பிடிக்க அந்த ஆரம்ப விநாடிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒலியைப் பெரிதாக்கிக் கேட்டேன். லேசான இரைச்சல், தூரத்தில் ஒரு காக்கை, அவ்வளவுதான். கரகரப்பு இல்லை. கணினித் திரையில் நான் பேசாத இடத்தில் ஒலிக்கோடு நேராகப் போனது. நான் பேசத் தொடங்கும் இடத்தில் கோடு விரிய, கரகரப்பும் கூடவே தொடங்கியது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.

இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். மனசு அந்தப் பக்கம் போக மறுத்தது. மழை விடுமுறையில் வீட்டிலிருந்த மகளைக் கூப்பிட்டேன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இந்தப் பக்கத்தை இங்க உக்காந்து படி."

"நானா? எதுக்கு?"

"மைக் கெட்டுப்போச்சான்னு பாக்கணும்."

அவள் ஒளி விலகலைப் பற்றி நாலு வரி படித்தாள். இருவரும் ஆளுக்கு ஒரு ஹெட்போன் காதை வைத்துக்கொண்டு கேட்டோம். சுத்தமாக இருந்தது.

"மைக் நல்லாத்தாம்மா இருக்கு. இப்ப நீ படி."

நான் அதே நாலு வரியைப் படித்தேன். மறுபடி கேட்டோம். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, சத்தம் ரூம்ல இல்ல. அது நீதான்."

சொல்லிவிட்டு எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டாள். நான் ஜமுக்காளங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

என் தாய்மாமா எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது அவருக்குக் குரல் கம்மியது. எல்லாரும் சளி என்றார்கள். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மாதக் கணக்கில் அப்படியே போயிற்று. பிறகு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவர் கழுத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், வாயசைத்தார், ஓட்டையில் காற்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. துணி லேசாக மேலெழுந்து அடங்கியதுதான் எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது.

அவர் பீடி குடித்தவர். நான் அந்தப் பக்கமே போகாதவள். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பதினைந்து வருடம் சாக்பீஸ் தூளை விழுங்கியிருக்கிறாயே என்றது.

அடுத்த நாள் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். சுத்தம் செய்வதற்கு முந்தைய என் பதிவுகள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருந்தன. அவற்றைப் பழையதிலிருந்து வரிசையாகத் திறந்து கேட்டேன். முந்தைய வருடத்துத் தாவரவியல் பாடத்தில் எதிர்வீட்டு மோட்டார் இருந்தது, குருவிகள் இருந்தன, என் குரல் தெளிவாக இருந்தது. பொங்கலுக்குப் பிறகு வந்த வேதியியலில் சில எழுத்துகளில் மட்டும் லேசாக ஒரு பிசிறு. சித்திரையில் வரிக்கு வரி. ஆடியில் செய்த பதிவை முழுதாகக் கேட்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். இத்தனை மாதமும் அது வளர்ந்துகொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இணையதளம் அதை இரைச்சல் என்று எடுத்துப் போட்டுவிட்டு, வியாதி இல்லாத ஒருத்தியின் குரலை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நானும் அதுதான் என் குரல் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்றால், தினமும் கேட்கிற குரல். கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் யாருக்குத் தெரியும்? மழைக்காலத்தில் பாதி ஊருக்குக் குரல் அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் பின்னறைக்குப் போய் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து கேட்கும் பழக்கம் வந்தது. 'ஒளி நேர்கோட்டில் செல்லும்.' எப்போதும் அதே வாக்கியம். ஒரு நாள் நேற்றைவிடப் பரவாயில்லை என்று தோன்றும். அன்று தோசை ஊற்றும்போது பாட்டுகூட முணுமுணுப்பேன். மறுநாள் மோசமாகத் தெரியும், கை வேலை ஓடாது. எச்சில் விழுங்கும்போது ஏதாவது இடறுகிறதா என்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்து விழுங்கினால் எல்லாமே இடறத்தான் செய்தது. கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவுவேன். இடது பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டதாக நினைத்து உயிர் போய்விட்டது. வலது பக்கத்திலும் அதே இடத்தில் அதேபோல் ஒன்று இருந்தது, அது எலும்பு. சும்மா இருக்கும் நேரத்தில் கைபேசியில் தேடுவேன். எதைத் தேடினாலும் கடைசியில் அந்த ஒரு வார்த்தையில்தான் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் விழிதியூர்க்காரர். குடும்பத்துக்கு அங்கே நிலம் உண்டு, கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார். இவர் காரைக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சத்தம் போடாத மனுஷர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பின்னறையில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, தெனமும் இதையே சொல்லிகிட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லைங்க. டெஸ்ட்."

"ஒரு வாரமா டெஸ்ட்டா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய் உள்ளே வந்தார். ஒரு ஆளுக்குத்தான் அங்கே இடம். பீரோவில் இடித்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் விளக்காமல் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். முந்தைய வருடத்துப் பதிவைப் போட்டேன். பிறகு அன்று காலையில் செய்ததைப் போட்டேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பதிவு ஓடும்போது அவர் முகம் மாறியது. அதுவரைக்கும், இதெல்லாம் என் கற்பனை என்று அவர் சொல்லிவிடுவார் என்ற ஒரு நப்பாசை எனக்கு இருந்தது.

"மாமா மாதிரி ஆயிட்டுன்னா?" என்றேன்.

"வாயைக் கழுவு." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அது கீழே விழுந்தது. "நாளைக்கே போவோம்."

காரைக்காலில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போனோம். வயதானவர், நிதானமாகப் பேசுவார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். பொங்கலுக்குப் பிறகிலிருந்து என்றேன். அவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். பதிவுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். அதன் முனையில் கேமரா. பக்கத்தில் ஒரு திரை. மூக்குக்குள் கம்பளிப் பூச்சி ஊர்வதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஈ... சொல்லுங்க."

"ஈ..."

"இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துச் சொல்லுங்க."

திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. பதினைந்து வருடம் பாடம் சொன்னதும், வீடியோக்களுக்குப் பேசியதும் இந்த இரண்டு நாடாக்கள்தானா என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்றின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு திட்டைப் பார்த்தேன். டாக்டரும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை எடுக்காமல் அந்த இடத்தில் நிறுத்தினார்.

குழாயை எடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும்மா. பாண்டிச்சேரிக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். மயக்கம் குடுத்து அதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க."

"என்ன டெஸ்ட் டாக்டர்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னன்னு பாக்குற டெஸ்ட்தான்."

"கேன்சரா இருக்குமா?" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இல்லேன்னு என்னால இப்ப சொல்ல முடியாதும்மா. ஆமான்னும் சொல்ல மாட்டேன். எதுவா இருந்தாலும் இப்ப வந்தது நல்லது."

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினோம். அரசலாற்றுப் பாலத்தில் என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூச்சி விழுந்துட்டு" என்றார்.

பாண்டிச்சேரியில் தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தைய மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பின்னறைக்குப் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் என்ன ஆகும் என்று தெரியாது. எனக்கே என்ன ஆகும் என்று தெரியாது. மகளுக்கு என் குரலில் ஏதாவது பேசி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. மைக்கைத் திறந்து, வழக்கம்போலச் சில விநாடி சும்மா இருந்தேன். பிறகும் சும்மாவே இருந்தேன். எத்தனையோ பாடங்களுக்குத் தங்குதடையில்லாமல் பேசியவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நன்றாகப் படி என்று சொல்வதா? அதைத்தான் தினமும் சொல்கிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள் என்றா? பதினாலு வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

கடைசியில் இப்படித்தான் பேசினேன். "பருப்புக்குக் குக்கர்ல மூணு விசில் விடு. துவரம்பருப்பு பழசா இருந்தா நாலு. இட்லி மாவுக்கு வெந்தயம் கொஞ்சமாப் போடு, நிறையப் போட்டா கசக்கும். மழைக்காலத்துல யூனிபார்மை மொட்டை மாடியில காய வைக்காதே, மறந்துடுவே. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணித் தட்டு இருக்கு, அதைக் கழுவணும், உங்க அப்பாவுக்கு அது இருக்கறதே தெரியாது." இப்படியே போயிற்று. கரகரப்போடுதான் இருந்தது. அதில் எதையும் நீக்காமல் அப்படியே சேமித்து வைத்தேன்.

மறுநாள் அடை மழையில் பஸ் ஏறினோம். மகள் கொழுந்தனார் வீட்டில் இருந்தாள். சீர்காழி தாண்டி இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. ஆபரேஷன் தியேட்டரில் ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பேரைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இந்தக் குரலில் என் பேரை நான் சொல்வது இதுதான் கடைசியோ என்று நினைத்தது நினைவிருக்கிறது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

விழித்தபோது தொண்டையில் முள் வைத்ததுபோல் இருந்தது. பேசக்கூடாது, கிசுகிசுப்பாகக்கூடப் பேசக்கூடாது, செருமக்கூடாது என்றார்கள். முடிவு வர நாளாகும், வரச் சொல்லிப் போன் செய்வோம், அதுவரை வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் கொடுமை. பேசிக்கொண்டிருந்தவரைக்கும் பயத்தைக் கொஞ்சமாவது வெளியே தள்ள முடிந்தது. இப்போது அது உள்ளேயே சுற்றியது. வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுவேன். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எப்படியோ எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் நிற்கும்போதே என் வீட்டுக்காரரிடம், "எங்க ஓரகத்தி அண்ணனுக்கும் இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது" என்றார். இவர் ஜாடை காட்டியும் அக்கா நிறுத்தவில்லை. அந்த அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குக் குரல் இல்லை. தட்டிக் காட்டத் தைரியமும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கொழுந்தனாராக இருக்கும், அலுவலகமாக இருக்கும். எனக்கு ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரியாகவே தோன்றியது. எனக்குத் தெரியாமல் முடிவை வாங்கிவிட்டார், சொல்லத் தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் அவர் துணி உலர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் போய் ஒளிந்து நின்று கேட்டேன். வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து அன்று நடந்த எல்லாவற்றையும் சொல்வாள். முன்பெல்லாம் பத்து தடவை கேட்டால் ஒரு பதில் சொல்கிறவள். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சேன்லம்மா. அது நீதான்னு."

நான் தலையசைத்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா."

'நீ சொன்னதாலதான் டாக்டர்ட்ட போனேன்' என்று தட்டிக் காட்டினேன். படித்துவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் எழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொன்னார்கள். போனில் முடிவைச் சொல்ல மாட்டார்களாம். நல்லதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்களே என்று பாண்டிச்சேரி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அங்கே காத்திருந்தபோது எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பம் அழுதுகொண்டு வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் என் கண்ணை மறைப்பதுபோல் எழுந்து முன்னால் நின்றார்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட இளையவர். நாங்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"கேன்சர் இல்லம்மா. முதல்ல அதைக் கேட்டுக்குங்க."

அதற்குப் பிறகு சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. திசுக்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, ஆரம்ப நிலைதான், திட்டை முழுதாக எடுத்துவிட்டோம், அப்படியே விட்டிருந்தால் பிற்பாடு எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம், மறுபடி வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். எனக்குச் சந்தோஷம் என்று ஒன்றும் உடனே வரவில்லை.

"இனிமே பேசலாமா டாக்டர்?" என்று அவர்தான் கேட்டார்.

"மெதுவாப் பேசலாம். கத்தக்கூடாது. இன்னும் ஒரு மாசத்துக்குக் கத்தவே கூடாது."

நான் வாயைத் திறந்து "சரிங்க" என்றேன். காற்றும் சத்தமும் கலந்து எதுவோ வந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. டாக்டர் சிரித்து, "போகப் போக வரும்" என்றார்.

திரும்பி வரும்போது சீர்காழி நிலையத்தில் பஸ் நின்றது. காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. "வடை சூடாப் போடறான், வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார். கடையில் கூட்டம். அவர் பொட்டலத்தை வாங்கித் திரும்புவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவர் ஒரு கையில் பொட்டலமும் இன்னொரு கையில் செருப்புமாக மழைத் தண்ணீரில் ஓடி வருகிறார். பஸ் நிலைய வாசலைத் தாண்டப் போகிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கத்தினேன் என்று சொல்ல முடியாது. கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல் ஒன்று என் வாயிலிருந்து வந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தூங்கிய அம்மாள் திடுக்கிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் பிரேக் போட்டார். என் வீட்டுக்காரர் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீயா கத்துனே?"

தலையசைத்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார், உடனே டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து முகம் வெளுத்துப்போனார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தையல் ஏதாவது பிரிந்துவிட்டதா, தையல் போட்டார்களா இல்லையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எச்சிலை விழுங்கி, ரத்தம் கரிக்கிறதா என்று பார்த்தேன். வடையை இருவருமே தொடவில்லை. காரைக்கால் வரும்வரை நான் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மறுநாள் உள்ளூர் டாக்டரிடம் ஓடினோம். அவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இனி வடை வாங்க நீங்கள் இறங்குங்கள், அவர் உட்காரட்டும் என்றார்.

என் குரல் திரும்பி வர மூன்று நான்கு மாதம் ஆயிற்று. வந்தது பழைய குரல் இல்லை. ஒரு படி இறங்கியிருக்கிறது. உரக்கப் பேசினால் நடுவில் உடைகிறது. கும்பகோணத்துக்காரர் அதற்குள் மீதிப் பாடங்களுக்குக் கணினிக் குரலைப் போட்டு முடித்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பரீட்சை காத்திருக்குமா? ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"மேடம், மத்த பாடத்துக்குப் பேசறவங்க வாய்ஸை நீங்க க்ளீன் பண்ணிக் குடுக்கறீங்களா? எங்க பசங்க ரொம்ப எடுத்துடறாங்க, தகரம் மாதிரி வருது."

செய்கிறேன் என்றேன். இப்போது அந்த வேலைதான். கணக்கு டீச்சர் திருவாரூரிலிருந்து, தமிழ் ஐயா மன்னார்குடியிலிருந்து பேசி அனுப்புகிறார்கள். ஒரே பொத்தான் முறையை நான் தொடுவதில்லை. முதலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் அனுப்பியதை அப்படியே கேட்கிறேன். அவர்கள் வீட்டு மின்விசிறியும் நாயும் கேட்கின்றன. அவர்கள் குரலுக்கு அடியிலும் கொஞ்சம் காது கொடுக்கிறேன். பிறகுதான் நீக்குகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாண்டிச்சேரிக்குப் போகிறோம். தேதி நெருங்கினாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. போன தடவை மகளும் வந்தாள். குழாய் உள்ளே போனதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரையை நான் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள்.

"ஈ... சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சொன்னேன். என் மகள் என் விரல்களை நொறுக்குவதுபோல் பிடித்திருந்தாள். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே அவள் பிடி தளர்ந்தது. கண்ணைத் திறந்தேன். திரையில் இரண்டு நாடாக்களின் ஓரமும் சுத்தமாக இருந்தது.